நீலம் நல்லது என்றாள்

என் இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அதற்கு உள்ளே இருக்க வேண்டிய சிறுநீரகம் இல்லை. யாராவது கேட்டால் "கல் இருந்தது, எடுத்துட்டாங்க" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கல் எப்படி வளர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு நிதானம் போய்விடும். போனால் போகட்டும் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

எண்ணூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கெமிஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீர் ஆய்வகம். பாய்லருக்குள் போகிற தண்ணீரில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. அமிலம் ஏறினால் குழாய்களை உள்ளேயே அரித்துத் தின்றுவிடும். ஆகவே தண்ணீரைக் கொஞ்சம் காரமாகவே வைத்திருப்போம். உள்ளே நிலவரம் என்ன என்று தெரிந்துகொள்ள பாய்லரைத் திறக்க வேண்டியதில்லை. அடியிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அந்த வடிநீரில் ஒரு குப்பி பிடித்து வந்து சோதித்தால் போதும், உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

சோதிக்க மீட்டர் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குக் கைகொடுப்பது விரல் நீளக் காகிதத் துண்டு. தண்ணீரில் நனைத்தால் அமிலத்துக்குச் சிவக்கும், நடுநிலைக்குப் பச்சை, காரத்துக்கு நீலம். நீலம் வந்தால் ஷிப்டு நிம்மதியாகக் கழியும். சிவப்புப் பக்கம் சாய்ந்தால் இன்ஜினீயர் முதல் ஃபிட்டர் வரை எல்லோரும் எங்கள் தலையில் ஏறுவார்கள். பதினோரு வருடமாக நீலத்தைப் பார்த்தே மூச்சு விட்டவள் நான். இதைச் சொல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் யாருக்கும் புரியாது.

அவளை அக்கா என்றே சொல்கிறேன். கூடப் பிறந்தவள் இல்லை. எனக்கு அடுத்த மேசையில் அதே வேலை செய்கிறவள், என்னைவிட நாலு வயது மூத்தவள், ராயபுரத்துக்காரி. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாள். கம்பெனி பஸ் ராயபுரத்தில் அவளை ஏற்றிக்கொண்டு நான் ஏறுகிற டோல்கேட்டுக்கு வரும்போது ஜன்னலோரம் எனக்காக அவளுடைய பை உட்கார்ந்திருக்கும். நான் மாசமாக இருந்தபோது கூலிங் டவர் படியேறித் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையை ஐந்து மாதம் எனக்காக அவள் செய்தாள். பிரசவ அறை வாசலில் நின்றது என் அம்மா இல்லை, அவள்தான். இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இதெல்லாம் செய்யாதவள் என்றால் அவள் செய்தது எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் தடத்தில் பஸ் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கடவுளுக்கே வெளிச்சம். ஆண்கள் இறங்கி ஒரு சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். நாங்கள் எங்கே போவது? தொழிற்சாலையிலும் பெண்களுக்கான கழிப்பறை கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆய்வகம் மறுகோடியில். ஆகவே அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் ஒரே உபாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்: தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு எங்களுக்கு ஜலதோஷம் மாதிரி, வரும், போகும்.

அக்காவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. அதற்கு ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டு, உடம்பில் அமிலம் ஏறினால்தான் எல்லா நோயும் வருகிறது, காரமாக வைத்துக்கொண்டால் ஒரு நோயும் அண்டாது என்றாள்.

"எலுமிச்சங்காயே ஆசிட்டுதானக்கா?" என்று கேட்டேன்.

"உள்ள போனா காரமா மாறிடும்டி. சும்மாவா சொல்றாங்க? நீயே பாரு, இரும்புக் கொழாயவே ஆசிட்டு துன்னுடுது. கொடலு எம்மாத்திரம்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரும்புக் குழாய் என்றதும் சரிதானே என்று தோன்றிவிட்டது. அடுத்து அவள் சொன்னதுதான் என்னை முழுசாகக் கவிழ்த்தது. வடிநீரைப் பார்த்து பாய்லரைத் தெரிந்துகொள்கிற மாதிரி, சிறுநீரைப் பார்த்தால் உடம்புக்குள் இருப்பது தெரிந்துவிடும். நம்மிடம்தான் காகிதம் இருக்கிறதே என்றாள். ஊரில் எத்தனையோ பேர் இந்தக் காரப் பைத்தியத்தில் விழுந்திருப்பார்கள். ஆனால் இப்படி விழ எங்களால்தான் முடியும். படித்த படிப்பும் பார்த்த வேலையும் சேர்ந்து எங்களைத் தள்ளிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் தொடங்கியது. எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண்கள், கேன்டீன் பெண்கள், அவள் தெருக்காரர்கள் என்று எங்கள் இருவரையும் சேர்த்துப் பதினேழு பேர். புளி கூடாது, டீ கூடாது, சர்க்கரை கூடாது, கறி மீன் குறைக்க வேண்டும். காலையில் வெண்பூசணிச் சாறு, பிறகு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கரைத்த தண்ணீர். மாத்திரைகள் எல்லாமே அமிலம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட வேண்டும். பேச ஆரம்பித்தால் அக்காவின் முகமே மாறிவிடும். ஆய்வகத்தில் அவள் எழுதுகிற ரிப்போர்ட்டில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். மாடியில் அவள் சொன்னால் பதினாறு தலைகள் ஆடின.

காலையில் நனைத்த காகிதத்தைக் காயவைத்து, மாதக் காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அவள் வைத்த விதி. எங்கள் வீட்டில் தண்டையார்பேட்டை அண்ணாச்சி கடையில் கொடுத்த காலண்டர் தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம் அச்சடித்திருக்கும் கட்டத்தில் நான் தினமும் ஒரு துண்டை ஒட்டினேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே இத்து? ராகு காலம், எமகண்டம், அதுக்குக் கீய உன் ஒண்ணுக்கா?" என்றார்.

புளி போடாத மீன் குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டை அப்படியே தள்ளிவிட்டார். "காசிமேட்டுல உசுரோட துள்ளிகினு இருந்த மீனு. இத்த இப்டி பண்ணிட்டியே. பூனை கூட துன்னாது." நான் விடவில்லை. படிக்காதவர் பேச்சு என்று மனதுக்குள் ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்துக்கும் சேர்த்துத்தான் பிறகு அனுபவித்தேன்.

எத்தனை வெண்பூசணி குடித்தும் என் காகிதம் நீலமாகவில்லை. மஞ்சளும் பச்சையுமாக வரும், ஒரு வாரம் பச்சை கூடும், திரும்ப மஞ்சளாகிவிடும். மாடியில் மற்றவர்கள் ஃபோனில் காட்டுகிற காலண்டர் படங்களைப் பார்க்கும்போது பரீட்சையில் தவறியவள் மாதிரி இருக்கும். மாசி மாதக் கடைசியில் அக்கா பத்து நாள் லீவு போட்டாள். புழலில் நாத்தனார் வீட்டு விசேஷம் என்றாள். திரும்பி வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தாள். விசேஷ வீட்டில் எதையும் சாப்பிடவில்லை, விரதம் மாதிரி இருந்தேன் என்று சொன்னாள். அதற்கும் எல்லோரும் மெச்சினோம்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும், என் காகிதம் நீலமானது. லேசான நீலம் இல்லை. பாய்லர் வடிநீரில் நனைத்த மாதிரி அழுத்தமான நீலம். மறுநாளும் நீலம், அதற்கு மறுநாளும். நான் காலண்டர் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் எனக்காகக் கைதட்டினார்கள்.

கைதட்டு வாங்கிய நான்காம் நாள் எரிச்சல் தொடங்கியது. பிறகு நெடி. கழிப்பறையில் அம்மோனியா பாட்டிலைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். அம்மோனியா பாட்டிலோடு தினமும் புழங்குகிறவள் நான், இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. நீலம் இருக்கும்போது என்ன பயம்? பிறகு பல் கிட்டும்படி குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் நனைத்த காகிதத்தையே எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். எரிச்சல், நெடி, காய்ச்சல், வலி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரைப் பார்க்கட்டுமா என்றும் கேட்டேன். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. பிறகு மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நீலம் நல்லதுடி. உள்ள தங்கின்னு இருந்த ஆசிட்டெல்லாம் இப்பத்தான் கெளம்புது. போறப்ப எரியத்தான் செய்யும், காய்ச்சலும் வரும். டாக்டராண்ட போனா மாத்திரையக் குடுத்து எல்லாத்தையும் கெடுத்துருவான். பல்லக் கடிச்சுகினு இரு, நானில்ல?"

நானில்ல என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் வரும், நாலு நாளில் தணியும், பத்து நாள் கழித்து மறுபடி வரும். கணவர் கெஞ்சினார், கத்தினார். "நீ லேபுல பட்ச்சவ, நான் கிரேன் ஓட்றவன். ஆனா காய்ச்சல்னா டாக்டருன்னு எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியல" என்றார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அந்த நான்கு நாளும் அவர்தான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, திருவொற்றியூர் தேரடி தாண்டி பஸ் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றபோது, எனக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. கண் இருட்டி அக்காவின் தோளில் சாய்ந்தது நினைவிருக்கிறது. யாரோ என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம், "வேற எந்த ஆஸ்பத்திரியும் வாணாம்ப்பா, நேரா கிட்னி ஆஸ்பத்திரிக்கு வுடு" என்றாள். வழியும் அவளே சொன்னாள், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும். ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு, என் கணவருக்கு ஃபோன் செய்துவிட்டு, லேபில் ஆளில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். உள்ளே வரவில்லை.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் முழுக்கக் கிளை விட்ட ஒரு கல். சீழ் பிடித்திருந்தது. முதலில் சீழை வடித்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்துவிட்டு அந்தச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, செத்துவிட்டது, எடுத்துவிடுவதுதான் வலது பக்கத்துக்கும் நல்லது என்றார்கள். என் கணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

டாக்டர் அம்மா பொறுமைசாலி. காலண்டர் படத்தை ஃபோனில் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சொன்னார். ரத்தத்தில் அமிலமும் காரமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடம்பு மயிரிழை பிசகாமல் காப்பாற்றிக்கொள்கிறது. நுரையீரல் ஒரு பக்கம், சிறுநீரகம் ஒரு பக்கம் ராப்பகலாக அந்த வேலையைச் செய்கின்றன. நீங்கள் பூசணி குடித்தாலும் சோடா குடித்தாலும் புளியே சாப்பிட்டாலும் ரத்தம் மாறாது. அதிகப்படியானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரில் நீங்கள் பார்ப்பது உடம்பு வேண்டாம் என்று தள்ளியதை, உடம்பில் இருப்பதை இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. பாய்லர் வடிநீர் பாய்லருக்குள் இருக்கும் அதே தண்ணீர். சிறுநீர் அப்படி இல்லை. தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுகிற ஒரு வேலைக்காரன் நடுவில் இருக்கிறான். அவனைத்தான் நான் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன், அவனைத்தான் கொன்றும் இருக்கிறேன்.

"அப்போ அந்த நீலம்?" என்று கேட்டேன்.

"கிருமிம்மா. சில கிருமி யூரியாவை உடைச்சு அம்மோனியாவா மாத்தும். அதுலதான் அவ்வளவு காரம் ஏறும். காரம் ஏறினா பாஸ்பேட் படிஞ்சு கல்லாயிடும். முதல் வாரமே வந்திருந்தா மாத்திரையிலயே முடிஞ்சிருக்கும்."

காரத் தண்ணீரில் பாஸ்பேட் படியும் என்று எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? பாய்லர் குழாயில் படிந்த உப்பைச் சுரண்டி எடுத்து வந்து அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதே என் வேலை. கண்ணிருந்தும் குருடு என்பார்களே, அது நான்தான். அதுவரைக்கும் என் கோபமெல்லாம் என் மேல்தான் இருந்தது. அக்காவைப் பற்றி ஒரு தப்பான எண்ணமும் இல்லை. பாவம், அவளுக்கும் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து குழியில் விழுந்தோம் என்றே நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள், சீழ் வடித்த இடத்தில் கட்டு மாற்ற வந்த நர்ஸ், வயதானவர், ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே குடியிருப்பவர். பேச்சுவாக்கில் கேட்டார்: "பேப்பர்ல பாத்துகினு வந்தது நீதானம்மா? உங்களாண்டல்லாம் அப்டித்தான் போலக்கீது. பங்குனிக்கு முன்ன ஒரு அம்மா இதே மாரி பேப்பர எட்துகினு வந்துச்சு. நீலமாயிடுச்சு, நீலமாயிடுச்சுன்னு."

எனக்கு உடனே ஒன்றும் உறைக்கவில்லை. "யாருங்கம்மா அது?"

"பேரு மறந்துட்டேன். ராயபுரம்னு சொல்லிச்சு. ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி. கடுப்பு, குளுரு காய்ச்சல்னு மூணாம் நாளே வந்துடுச்சு, புத்திசாலி. அஞ்சு நாள் அட்மிட்டு, ஊசி, மாத்திரை, அவ்ளோதான், நல்லாயிடுச்சு. டாக்டர் அம்மா அந்தம்மாவாண்ட அட்ச்சு அட்ச்சு சொன்னாங்க, உன்கூட இந்த மாரி பேப்பர் பாக்கறவங்க யாருக்குனா நீலமாயி காய்ச்சல் வந்தா ஒரு நாள் கூட வெச்சுக்காம இங்க அனுப்புன்னு. ஏன், உங்களாண்ட சொல்லலியா?"

புழல் நாத்தனார் வீட்டு விசேஷம். இளைத்துப்போய் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் காகிதத்தைப் பார்த்தது. ஆட்டோக்காரருக்குச் சந்து பொந்தெல்லாம் வழி சொன்னது. நர்ஸ் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பதை எத்தனையோ முறை பேச்சில் சொல்லியிருக்கிறேன். அறுபட்ட கழுத்துக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள், பார்வையாளர் நேரத்தில் அவள் வந்தாள். கையில் இளநீர், ஒரு ஃபிளாஸ்க். தலையைத் தடவினாள், அழுதாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரைக் கீழே மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"அன்னிக்கு என் பேப்பரப் பாத்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"இன்னாத்த?"

"மாசில நீ இதே ஆஸ்பத்திரில இருந்த. நர்ஸம்மா சொன்னாங்க."

இளநீரைக் கீழே வைத்தாள். எனக்கு வந்தது வேறு, உனக்கு வந்தது வேறு என்று நினைத்தேன் என்று ஆரம்பித்தாள். என் மகள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். பிறந்ததும் அவளை முதலில் கையில் வாங்கியவள் இவள். சத்தியம் பண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா?"

"மாத்திரைய வுடுங்கன்னு பதினாறு பேருக்குச் சொன்னது நான். நானே ஊசி போட்டுகினு படுத்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சுகினு சொல்றது? நீ டாக்டராண்ட போனா எல்லாம் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். தன்னால சரியாயிடும்னு பாத்தேன்டி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இருவது வருசமா அங்க வேல செய்றேன். என் பேச்ச யாருனா காதுல வாங்கி கீறாங்களா? அந்த மாடிலதான் கேட்டாங்க."

எனக்கு அது புரியாமல் இல்லை. அதே மேசை வரிசையில் உட்கார்ந்திருப்பவள் நான். எங்களை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது தெரியும். புரிந்தது, மன்னிக்க முடியவில்லை. அவளுடைய மாடி அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, என் உயிர் அதைவிடச் சின்னதாக இருந்திருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனக்கு ஒரு நியாயம் வைத்துக்கொண்டு, தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டவளுக்கு இன்னொரு நியாயம் வைத்தவளை இப்போதுதான் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விட்ட மாத்திரைகளை மறுபடி ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். நீலமாக வருகிறவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். என் காலைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். அப்போதும் நம்பினேன். பட்டும் புத்தி வரவில்லை என்று என்னைத் திட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை காலை எங்கள் மாடிக் கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் அவள் பேசி அனுப்பிய ஒலிப்பதிவு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். கூட இருந்த கணவரும் கேட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம தங்கச்சிக்கு ஆபரேசன் ஆயிருக்கு, எல்லாரும் வேண்டிக்கங்க. அவங்க பரம்பரையிலயே கிட்னி கொஞ்சம் வீக்காம். நடுவுல புளி, டீயெல்லாம் சேத்துகினாங்க, நானும் சொல்லிப் பாத்தேன். யாரும் இத்த நெனச்சு பயந்துகினு நிறுத்திடாதீங்க. நீலத்த மட்டும் பாத்துகினே இருங்க."

என் கணவர் எழுந்து வெராண்டாவுக்குப் போய்விட்டார். நடந்ததை எல்லாம் அந்தக் குழுவுக்கு எழுதினேன். எழுதி முடித்து அனுப்புவதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தாள்.

தையல் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொருத்தராக ஃபோன் செய்ய ஆரம்பித்தேன். அவளையும் என்னையும் கழித்தால் பதினைந்து பேர். இருமினால் தையல் இழுக்கும், பேசினாலும் இழுக்கும். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு பேசினேன். சிலர் எப்போதோ விட்டுவிட்டேன் என்று சிரித்தார்கள். பேக்கிங் பிரிவில் ஒருத்தி அன்றைக்கே போய் பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததாகச் சொன்னாள். இருவர், அக்காவைப் பற்றி இப்படி அபாண்டமாகப் பேசலாமா என்று என்னையே கேட்டார்கள். ஒருத்தி எடுக்கவே இல்லை.

கடைசியாகக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். எர்ணாவூரில் இருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். காகிதம் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"பாக்காம? பத்து நாளா நல்லா சூப்பரா நீலமா கீதும்மா."

"காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

"சாங்காலமானா குளுரு எடுக்குது. எரிச்சலும் கொஞ்சம் கீது. அத்து ஆசிட்டு வெளிய போறதாம்."

ஒன்று விடாமல் சொன்னேன். கிருமி, கல், சீழ், எடுத்துப் போட்ட சிறுநீரகம், மாசியில் அக்கா இதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, தெரியும் என்று அவள் வாயாலேயே சொன்னது. கேன்டீன் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி, மெதுவாக, இருபது நிமிடம் சொன்னேன். அவள் ஐயோ ஐயோ என்று அழுதாள். "உன் கிட்னியவே எடுத்துட்டாங்களாம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்றைக்கே கிளம்பி வா, என் கணவர் வாசலில் நிற்பார், டாக்டர் அம்மாவிடம் நானே சொல்லி வைக்கிறேன் என்றேன்.

"வரேம்மா, கண்டிப்பா வரேன். நீ இவ்ளோ சொல்ற, வராம இருப்பேனா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "எதுக்கும் அக்காவாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு கெளம்பறேன்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். உடனே திரும்பக் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று சொன்னது ஃபோன்.